உட்பகை

பகைவன் எங்கே இருக்கிறான்? எல்லைக்கு அப்பால் என்றனர் அரசர்கள். அடுத்த தெருவில் என்கின்றனர் சாதி வெறியர்கள். முற்பிறப்பில் என்கின்றனர் புரோகிதர்கள். வள்ளுவரோ ‘உட்பகை’ என்று ஓர் அதிகாரமே வகுத்து, உறவாடி உடனிருக்கும் பகையே கொடிது என்று காட்டினார். அந்த அதிகாரத்தை வில்லியனூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் ஆண்டுதோறும் மாணவர்க்குப் பாடம் சொல்லி வருகிறோம். தேர்வுக்கு வேண்டிய பொழிப்புரையைச் சொன்னோமே தவிர, பொருளை உணர்ந்து சொன்னோமில்லை என்பது சென்ற ஆண்டுதான் நமக்கு உறைத்தது. உறைக்கச் செய்தவள், நம்மிடம் படித்துக் கல்லூரியில் கால்வைத்துள்ள பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி.

பாகூர்க் கொம்யூனில், கரும்பும் நெல்லும் விளையும் சிற்றூர் ஒன்று அவளுடையது. ஒருநாள் மாலை, மடித்து மடித்துக் கிழியத் தொடங்கிவிட்ட தாள் ஒன்றை நம் கையில் கொடுத்தாள். இறந்துபோன அவள் தந்தையின் குடலில் வெட்டி எடுத்த கட்டியைச் சோதித்து எழுதிய மருத்துவக் குறிப்பு அது. பெட்டியின் அடியில், பத்திரங்களுக்குக் கீழே, எவர் கண்ணிலும் படாமல் இருந்ததாம்.

“ஐயா, எங்கள் வீட்டில் இருப்பது சாபமா, நோயா? நோயென்றால் எனக்கும் இருக்குமா? இருக்கிறதா என்று நான் தெரிந்துகொள்ள வேண்டுமா, வேண்டாமா?” என்று கேட்டாள்.

மூன்று வினாக்கள். முதல் வினாவுக்கு விடை கூற நமக்கு ஒரு நொடி போதும். இரண்டாவதற்கு மருத்துவர் வேண்டும். மூன்றாவது வினாதான் நம் உறக்கத்தைக் கெடுத்தது. அது அறத்தின் வினா. அதைத்தான் இன்று தோழர்கள்முன் வைக்கிறோம்.

அந்தக் குடும்பத்தின் கதையைக் கேளுங்கள். பெண்ணின் பாட்டனார் நாற்பத்தைந்து வயதில் வயிற்று நோயால் மாண்டார். அத்தை முப்பத்தொன்பதில் கருப்பைப் புற்றுநோயால் மாண்டார். தந்தை நாற்பத்திரண்டில். மூன்று சாவுக்கும் ஊர் ஒரே காரணம் கற்பித்தது: பாட்டனார் இளமையில் குலதெய்வத்தின் தோப்பில் பனைமரம் ஒன்றை வெட்டினாராம்; அந்தக் குற்றம் குடும்பத்தைத் தொடர்கிறதாம். வெட்டியது ஒரு மரம். வாங்கியது மூன்று உயிர்! கடனுக்கு வட்டி வாங்கும் கொடியவன்கூட இப்படிக் கணக்கெழுத மாட்டான். ஆயினும் ஊர் நம்பிற்று. பாட்டியும் நம்பினார்.

தந்தைக்கு மலத்தில் குருதி கண்டபோது, அவர் அதை மூலம் என்றே கருதினார். துத்தி இலையை வதக்கித் தின்றார். கருணைக்கிழங்கைக் குழம்பாக்கி உண்டார். ‘மூலம், பவுத்திரம், அறுவையின்றி நலம்’ என்று பலகை மாட்டிய இடத்தில் பணத்தைக் கொட்டினார். குலதெய்வத்துக்கு ஆடு வெட்டினார். பதினான்கு திங்கள் இப்படிக் கழிந்தன. அதற்குள் நோய் ஈரலுக்கு ஏறிவிட்டது.

இங்கே நம் குற்றத்தையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறோம். அந்தப் பதினான்கு திங்களில் ஒருநாள், பேருந்தில் அவர் நம் பக்கத்தில் அமர்ந்திருந்தார். “உட்கார முடியவில்லை வாத்தியாரய்யா, மூலச்சூடு” என்றார். “காரத்தைக் குறையுங்கள்” என்றோம். அவ்வளவுதான். பட்டம் பெற்றவர்கள், பகுத்தறிவு பேசுபவர்கள், மேடை ஏறியவர்கள் நாம்! எவ்வளவு நாளாய் என்று கேட்டோமா? குருதி வருகிறதா என்று கேட்டோமா? இல்லை. ஏன்? அந்தப் பேச்சு கூச்சமாயிருந்தது. பேருந்தில், நாலுபேர் நடுவில், மலத்தைப் பற்றிப் பேசுவதா என்று நம் நாக்கு மடங்கிற்று.

அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது? தன் கழிவைத் தான் காணலாகாது, தொடலாகாது, பேசலாகாது என்று பழக்கிய சமுதாயம் இது. அதைச் சுமப்பதற்கென்றே ஒரு குலத்தைப் பிறப்பினால் ஒதுக்கி வைத்தது. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்க 2013ஆம் ஆண்டிலும் சட்டம் ஒன்று இயற்ற வேண்டியிருந்ததே, அதுவே சான்று. ஒடுக்கப்பட்டோரை அந்தக் கொடுமை எப்படி நசுக்கிற்று என்பதை நாம் அறிவோம். ஒடுக்கியவர்களையும் ஒதுங்கி நின்றவர்களையும்கூட அது விட்டுவைக்கவில்லை. தீட்டென்று கண்ணை மூடிக்கொண்டவன், தன் குடலில் கசியும் குருதியையும் காணாமல் போனான். மலத்தில் மறைந்திருக்கும் குருதியைக் கண்டறியும் எளிய சோதனை உலகில் உண்டு. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 19 இலட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 9 இலட்சம் பேர் அதனால் மாண்டனர். தொடக்கத்தில் கண்டால் வெட்டி எறிந்து வாழலாம். காண மறுத்தால் சாகலாம். தீட்டு எந்தப் பக்கம் நிற்கிறது, எண்ணிப் பாருங்கள்.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். ‘பிழை திருத்தும் புரதங்களில் இரண்டு கட்டியில் காணப்படவில்லை, இரத்த உறவினர் மரபணுச் சோதனை செய்துகொள்வது நலம்’ என்பது அதன் சாரம். கலைப் பட்டம் பெற்ற நமக்கு அது விளங்கவில்லை. புதுவையில் பயின்று, முனைவர் பட்டமும் பெற்று, அதன் பின்னும் வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆராய்ச்சி செய்துவரும் நண்பர் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தார். பெருங்குடல் புற்றுநோயை உடலின் எதிர்ப்பாற்றல் எப்படி எதிர்கொள்கிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. ஊசுட்டேரிக் கரையில் அமர்ந்து அவர் நமக்குப் பாடம் சொன்னார். மாணவனாய் இருந்து கேட்டோம். கேட்டதை இங்கே தருகிறோம்.

உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம், அதனுள் இருக்கும் மரபுச் செய்தி முழுவதும் படியெடுக்கப்படுகிறது. படியெடுக்கும்போது பிழை நேரும். அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் கைதவறுவதில்லையா, அதுபோல. பிழையைக் கண்டு திருத்த மெய்ப்புப் பார்ப்போர் உண்டல்லவா? உயிரணுவிலும் உண்டு. அந்தத் திருத்தும் வேலையின் நுட்பத்தை ஆராய்ந்தவர்களுள் ஒருவரான பால் மோடிரிச்சுக்கு 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. சில குடும்பங்களில், அந்தத் திருத்துவோரை உண்டாக்கும் மரபணு ஒன்று பழுதுற்றுப் பிறக்கிறது. பெற்றோருள் ஒருவரிடம் அப்பழுது இருந்தால், பிள்ளைக்கு வருவதற்குப் பாதி வாய்ப்பு. வாராமற் போவதற்கும் பாதி வாய்ப்பு. வந்தவர்க்கு இளம் வயதிலேயே குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் தோன்றும் இடர் பெரிது. எல்லார்க்கும் தோன்றுவதில்லை.

1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆல்டிரட் வார்த்தின் என்னும் மருத்துவப் பேராசிரியரிடம் அவர் வீட்டுத் தையற்காரப் பெண் ஒருத்தி, தன் குடும்பத்தார் பலர் புற்றுநோயால் மாண்டதைக் கூறி, தானும் அப்படித்தான் சாவேன் என்றாள். சொன்னபடியே இளமையில் கருப்பைப் புற்றுநோயால் மாண்டாள். நம்மூராயிருந்தால் என்ன செய்திருப்போம்? குறி கேட்டிருப்போம், பரிகாரம் செய்திருப்போம். வார்த்தின் அவள் குடும்ப மரத்தை வரைந்தார். யார் மாண்டனர், எந்த வயதில், எந்த உறுப்பில் என்று குறித்தார். 1913இல் வெளியிட்டார். பின்னர் 1960களில் என்றி லிஞ்சு என்னும் மருத்துவர் அதுபோன்ற குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1993இல் பழுதுற்ற மரபணுக்களுள் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அந்த நிலைக்கு லிஞ்சின் பெயரே வழங்குகிறது. ஒரு தையற்காரியின் அச்சம் நூறாண்டில் அறிவாயிற்று. அச்சத்தை எழுதி வைத்தவன் அறிவியலான். அச்சத்தைக் காசாக்கியவன் பூசாரி.

நண்பர் மேலும் கூறியதே நம்மை வியப்பில் ஆழ்த்தியது. நம் எதிர்ப்பாற்றலுக்குப் பகைவன் யார் என்று எப்படித் தெரிகிறது? ‘தன்னவன் அல்லாதவன் பகைவன்’ என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது மெய்யன்று. நம் குடலில் கோடிக்கோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றின் தொகை நம் சொந்த உயிரணுக்களின் தொகைக்கு ஏறத்தாழ ஈடு. பிறப்பால் அவை அயலார். ஆயினும் உணவைச் செரிக்கத் துணை நின்று, உறவாக வாழ்கின்றன. எதிர்ப்பாற்றல் அவற்றை வெட்டி வீழ்த்துவதில்லை. புற்று அணுவோ நம் சொந்தச் சதை. நம் குருதியில் பிறந்தது. நம் உணவை உண்டு வளர்வது. அதுவே நம்மைக் கொல்கிறது. அயலான் என்பதால் பகைவன் அல்லன்; தன்னவன் என்பதால் நண்பனும் அல்லன்.

எதிர்ப்பணுக்களுள் ஒரு வகைக்கு டி அணு என்று பெயர். நெஞ்செலும்பின் பின்னே தைமசு என்னும் சிறு சுரப்பி இருக்கிறது. அதன் பயனை 1961இல் ழாக் மில்லர் கண்டறிந்தார். அதுவே டி அணுக்களின் பள்ளிக்கூடம். நம் உடலையே தாக்கத் துடிக்கும் அணுக்கள் அங்கேயே அழிக்கப்படுகின்றன. சேர்ந்தவற்றுள் தேறி வெளிவருவன மிகச் சிலவே. கண்டதையெல்லாம் தாக்கும் வீரமும் நோய்தான். அதனால் வரும் நோய்கள் பல. ஆகவே வெளிவந்த அணுக்களுக்கும் இயற்கை கடிவாளம் பூட்டியிருக்கிறது. தேவையான போது சீறவும், முடிந்தவுடன் அடங்கவும் அக்கடிவாளம் வேண்டும்.

புற்று அந்தக் கடிவாளத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. தன்னைத் தாக்க வரும் டி அணுவின் கடிவாளத்தைப் பற்றி இழுத்து, ‘நான் உன்னவன், போ’ என்று திருப்பி விடுகிறது. சப்பானியரான தசுக்கு ஓஞ்சோ 1992இல் அத்தகைய கடிவாளம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அமெரிக்கரான சேம்சு அல்லிசன் மற்றொன்றை ஆராய்ந்து, அதை அவிழ்த்துவிட்டால் புற்று கரையும் என்று காட்டினார். இருவரும் 2018ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசைப் பெற்றனர்.

இதன் வேர் இன்னும் பழையது. 1891இல் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்னும் அறுவை மருத்துவர், கிருமித் தொற்று கண்ட நோயாளி ஒருவருக்குக் கட்டி கரைந்ததை அறிந்து, வேண்டுமென்றே கிருமியைச் செலுத்திப் பார்த்தார். சிலர் பிழைத்தனர், பலர் பிழைக்கவில்லை, காரணம் எவர்க்கும் விளங்கவில்லை. நெடுங்காலம் அம்முறை ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. அந்த மருத்துவமனையின் வழிவந்ததே இன்றைய மெமோரியல் சுலோன் கெட்டரிங் நிலையம். 1968இல் அறிஞர் அண்ணா உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட இடம் அதுதான். அன்று கத்தியும் கதிரும் மருந்துமே கருவிகள். 1969 பிப்ரவரி 3ஆம் நாள் அவரை இழந்தோம்.

அதே நிலையத்திலிருந்து 2022 சூனில் ஒரு செய்தி வந்தது. பிழை திருத்தும் ஆற்றல் இழந்த மலக்குடல் புற்றுநோய் கொண்டவர்களுக்குக் கடிவாளத்தை அவிழ்க்கும் மருந்தை மட்டும், மூன்று கிழமைக்கு ஒருமுறையாக ஆறு திங்கள் கொடுத்தனர். சிகிச்சையை முடித்த முதல் 12 பேரிடமும் கட்டி இருந்த சுவடே தென்படவில்லை. கத்தி வேண்டியிருக்கவில்லை, கதிர் வேண்டியிருக்கவில்லை.

ஏன் அந்த வகைக்கு மட்டும் இவ்வளவு பயன்? பிழை திருத்துவோர் இல்லாமையால், அந்தப் புற்றில் பிழைகள் ஆயிரக்கணக்கில் குவிகின்றன. பிழை மிகுந்த அணுவின் முகம் விகாரமாகிறது. விகாரமான முகத்தை டி அணு எளிதில் அடையாளம் காண்கிறது. குடல் புற்றுகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்தே இவ்வகை. நோய் பரவிய நிலையில் இன்னும் குறைவு. மற்றவை தம் முகத்தை நம் முகம்போலவே வைத்துக்கொள்கின்றன. அவற்றின்மேல் இம்மருந்து பெரும்பாலும் பலிப்பதில்லை. 2006இல் பாரிசு நகரில் செரோம் கலோனும் குழுவினரும், குடல் கட்டிகளுக்குள் எந்த வகை எதிர்ப்பணு, எத்தனை, எங்கே நிற்கிறது என்று கணக்கெடுத்தனர். எதிர்ப்பணு நிறைந்த கட்டி உடையவர் பெரும்பாலும் தேறினர். எதிர்ப்பணு நுழையாத கட்டி உடையவர்க்கு நோய் திரும்பிற்று. நுழையாத இடத்தில் எப்படி நுழையவைப்பது? நம் நண்பரும் அவரையொத்த ஆராய்ச்சியாளரும் இரவு பகலாய்த் தேடுவது இதைத்தான். அறுவையில் கிடைத்த துணுக்கைக் கிண்ணத்தில் வளர்த்து, அதே நோயாளியின் டி அணுக்களை அதன்மேல் விட்டு, எது தாக்குகிறது, எது வாளாவிருக்கிறது என்று நோக்கிக் குறிக்கின்றனர். பத்துச் சோதனையில் ஒன்பது தோற்கும். தோற்றதையும் எழுதி வைப்பதே அவர்கள் நேர்மை.

தோழர்களே, இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. விகாரமான தீமையை எதிர்ப்பது எளிது. அந்நியன் கொடி ஏற்றி வந்த ஆட்சியை அடையாளம் கண்டோம். நம் தாயின் குரலில், நம் வீட்டு முற்றத்தில், நம் குலத்தின் பெயரில் வரும் தீமையை அடையாளம் காண்பதுதான் அரிது. சாதி நம்முடைய பழக்கம். சாதகம் நம்முடைய வழக்கம். பெண்ணை அடக்குவது நம்முடைய பண்பாடு. ‘நான் உன்னவன்’ என்று சொல்லியே அவை நம் கடிவாளத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அதற்காக, பழையதையெல்லாம் வெட்டு, அயலாரையெல்லாம் விரட்டு என்று புறப்படுவதும் அறிவாகாது. அது தன் குடலையே கடித்துக் குதறும் எதிர்ப்பாற்றல். கடிவாளத்தை அவிழ்க்கும் மருந்தினால் சிலருக்கு அப்படியே நேர்வதும் உண்டு என்றார் நண்பர். பின் எதுதான் அளவுகோல்? எங்கே பிறந்தது என்று கேளாதே. என்ன செய்கிறது என்று கேள். உடம்பும் கற்க முயலும் அறம் இது.

இப்போது மூன்றாவது வினாவுக்கு வருகிறோம். அந்தப் பெண் சோதனை செய்துகொள்ள வேண்டுமா?

வேண்டாம் என்றவர்கள் கொடியவர்கள் அல்லர். அவள் தாய் சொன்னார்: “தெரிந்தால் யார் இவளைக் கட்டுவார்கள்?” சிற்றப்பன் சொன்னார்: “நல்லா இருக்கிற பெண்ணை நோயாளி ஆக்காதீர்கள்.” நம் நண்பர்களுள்ளே ஒருவர் இன்னும் கூர்மையாகக் கேட்டார்: “சாதகத்தைக் கிழி என்று சொன்னவர்கள் நாம், இப்போது குருதியில் எழுதிய சாதகத்தை அவள் கையில் கொடுப்பதா? தலையெழுத்து போய் மரபெழுத்து வந்ததா?”

நல்ல கேள்வி. விடை கூறுகிறோம். சாதகம் ‘இது நடக்கும்’ என்கிறது. எப்படி என்று சொல்வதில்லை. நடக்காவிட்டால் தான் பொய் என்று ஒப்புவதும் இல்லை. மரபணுச் சோதனை ‘இது நடக்கலாம்’ என்கிறது. எதனால் என்று காட்டுகிறது. தடுக்க வழி இது என்றும் கூறுகிறது. பின்லாந்து நாட்டில் இத்தகைய குடும்பத்தாரைப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து கவனித்தனர். குறித்த காலத்தில் கொலோனாஸ்கோபி என்னும் குடல்நோக்குச் சோதனை செய்து, முளைகளை முளையிலேயே கிள்ளியவர்களிடம், செய்யாதவர்களைவிடக் குடல் புற்றுநோய் 62 விழுக்காடு குறைந்தது என்று 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எந்தப் பரிகாரம் இவ்வாறு கணக்குக் காட்டியிருக்கிறது? இன்னொன்று: சோதிக்கப்படும் பிள்ளைகளுள் பாதிப்பேர்க்கு அந்தப் பழுது இராது. அவர்கள் சாபத்தின் நிழலிலிருந்து அன்றே விடுதலை பெறுவர். சாபம் எவரையாவது விடுதலை செய்ததுண்டா? அறியாமை எல்லாரையும் சிறை வைக்கிறது. அறிவு பாதிப்பேரைத் திறந்துவிட்டு, மீதிப்பேர் கையில் ஒரு கருவியைக் கொடுக்கிறது.

ஆனாலும் எச்சரிக்கை ஒன்று வேண்டும். மரபணுவைப் புதிய சாதியாக்கினால், அந்த நண்பர் சொன்னது மெய்யாகிவிடும். ‘பழுது உள்ள குடும்பம்’ என்று பெண்ணை ஒதுக்குவதற்கும், ‘செவ்வாய் தோசம்’ என்று ஒதுக்குவதற்கும் என்ன வேறுபாடு? குருதியைக் காரணம் காட்டி மனிதனைத் தாழ்த்துவது நாம் எதிர்த்த பழங்குற்றம். ஆய்வுக்கூடத்தின் முத்திரை இருப்பதால் அது நற்செயல் ஆகிவிடாது. ஆகவே அறம் இருபக்கம் நிற்கிறது. அறிந்துகொள்ளும் உரிமை அந்தப் பெண்ணுடையது. அறிய வேண்டாம் என்றால், வற்புறுத்த எவர்க்கும் உரிமையில்லை, நமக்கும் இல்லை. அறிந்தபின் தன் வாழ்வில் பங்குகொள்ள வருபவனிடம் மெய்யைச் சொல்வது அவள் நேர்மை. மெய்யைச் சொன்னதற்காக அவளைத் தண்டியாமல் இருப்பது சமுதாயத்தின் கடமை. பத்துப் பொருத்தம் பார்த்துவிட்டு மருத்துவத் தாளைப் பெட்டியடியில் புதைக்கும் சமுதாயம், அவளிடம் நேர்மை எதிர்பார்க்கும் தகுதியை இழந்துவிட்டது.

கடமை இன்னொருவர்க்கும் உண்டு, அறிவுடையவர்க்கு. பாகூரில் கிடைத்த செப்பேடு ஒன்று, பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், அவ்வூரில் இருந்த உயர்கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்களின் வருவாய் கொடையாக விடப்பட்டதைக் கூறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் உயர்கல்வியா என்று பெருமை பேசுவோர் உண்டு. நாம் ஒன்று கேட்கிறோம்: மூன்று ஊர் உழவர் உழைத்து ஊட்டிய அந்தக் கல்வியில், உழவன் பிள்ளைக்கு என்ன பங்கு? அங்கே வளர்ந்தது வடமொழிக் கல்வி. ஏர் பிடித்தவன் ஊட்டினான். ஏடு பிடித்தவன் உண்டான்.

இன்றைய ஆய்வுக்கூடமும் ஊர்ப்பணத்தில்தான் நடக்கிறது. வரி கட்டியவரில் அந்தக் கரும்பு வெட்டியும் ஒருவர். சோப்புக்கு அவர் கொடுத்த காசு அதில் இருக்கிறது. அவருடைய கட்டி, மருந்துக்கு இணங்கக்கூடிய அந்தப் பதினைந்தில் ஒன்று. ஆனால் மருந்தின் விலை ஒரு தவணைக்கே இலட்சக்கணக்கில் ரூபாய்! காணியை விற்பதா என்று வீட்டார் கூடிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கண்மூடினார். உலகில் மருந்து இல்லாமல் மாண்டார் என்றால் விதியென்று சொல்லி ஏமாற்றலாம். மருந்து இருந்தும் மாண்டவரின் சாவுக்கு யார் பொறுப்பு?

இப்படிக் கேட்ட மருத்துவர்களும் நம் நாட்டில் உண்டு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர், தலை கழுத்துப் புற்றுநோய்க்கு இவ்வகை மருந்து ஒன்றை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்துச் சோதித்தனர். ஓராண்டு கடந்து உயிருடன் இருந்தோர் தொகை நூற்றுக்கு 16இலிருந்து 43ஆக உயர்ந்ததை 2022இல் வெளியிட்டனர். ‘எவ்வளவு கொடுக்கலாம்’ என்று கேட்பது வணிகம். ‘எவ்வளவு போதும்’ என்று கேட்பது அறம். அந்த விடை குடல் புற்றுக்கும் பொருந்துமா என்பது ஆராய வேண்டியது. கேள்வி பொருந்தும்.

கேட்பவர் எங்கிருந்து வருவார்? வலி அறிந்தவரிடமிருந்து வருவார். இழிந்த குலம் என்று சமுதாயம் ஒதுக்கிய தாயின் வயிற்றில் புதுக்கோட்டையில் பிறந்து மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கை மலக்குடல் புற்றுநோயால் மாண்டதைக் கண்டவர். சீதபேதி என்று கருதிக் காலம் கடந்த நோய் அது. அந்தத் துயரைக் கோயிலில் சென்று இறக்கி வைக்கவில்லை அவர். 1954இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கையுடன் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அண்ணா கடைசி மூச்சு விட்டதும் அந்த மருத்துவமனையில்தான். கண்ணீரை எங்கே ஊற்றினால் பயிர் விளையும் என்று அந்த அம்மையார் அறிந்திருந்தார்.

நண்பரோடு நாம் அந்தச் சிற்றூருக்குப் போனோம். திண்ணையில் பாட்டி அமர்ந்திருந்தார். மெய்ப்புப் பார்ப்போர் கதையை நண்பர் எளிய சொல்லில் விளக்கினார். பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

“அப்படியென்றால், அவர் பனைமரம் வெட்டியதால் என் பிள்ளைகள் சாகவில்லையா?”

“இல்லை அம்மா. அவர் பிறக்கும்போதே அவர் உடம்பில் இருந்த பழுது. அதை அவரும் அறியார். எவர் குற்றமும் இல்லை.”

பாட்டி அழுதார். முப்பது ஆண்டுகளாகச் செத்த கணவனை மனத்துக்குள் திட்டிக்கொண்டே இருந்தாராம். தாலி கட்டியவனைப் பிள்ளைகளைக் கொன்றவனாகவே எண்ணிப் படையல் போட்டாராம். “பாவி மனுசனை வீணாக வைதேனே” என்றார். அந்த ஒரு சொல்லில், பகுத்தறிவு எதற்கு என்பது நமக்கு விளங்கிற்று. பகுத்தறிவு ஈரமற்றது, மனத்தைச் சுடுவது என்று கூறுவோர் அந்தத் திண்ணைக்கு வந்து பார்க்கட்டும். முப்பது ஆண்டு ஒரு கிழவியின் நெஞ்சைச் சுட்டது பக்தி. அதை ஆற்றியது அறிவு.

சோதனைக்குப் போவது என்று அந்தப் பெண் தானே முடிவு செய்தாள். பதினெட்டு நிறைந்தபின் தம்பி தன் முடிவைத் தானே செய்துகொள்ளட்டும் என்றும் சொன்னாள். தாய் தடுக்கவில்லை, உடன் சென்றார். குருதி கொடுத்தாயிற்று. இதை எழுதும் இன்று முடிவு இன்னும் வரவில்லை. பழுது இல்லை என்று வந்தால் மகிழ்வோம். இருக்கிறது என்று வந்தால், ஆண்டுதோறுமோ ஈராண்டுக்கு ஒருமுறையோ குடலை நோக்கும் சோதனைக்கு அவளை அழைத்துச் செல்லும் பேருந்தில் நாமும் ஏறுவோம். இம்முறை பேருந்தில் வாய் மூடியிருக்க மாட்டோம்.

தோழர்களே, உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் தெருவில் எவரேனும் ‘மூலச்சூடு’ என்றால், எத்தனை நாளாய் என்று கேளுங்கள். குருதி உண்டா என்று கேளுங்கள். மருத்துவரிடம் கையோடு அழைத்துச் செல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெட்டியடியில் மடித்து வைத்த தாள் ஏதேனும் இருந்தால் எடுத்துப் படியுங்கள். நாளை மணம் பேச வரும்போது, சாதகத்தைக் கேளாதீர்கள். மெய் பேசிய பெண்ணைத் தள்ளாதீர்கள். கூச்சம் நம்முடையதுதான், வழக்கம் நம்முடையதுதான், அச்சமும் நம்முடையதுதான். நம்முடையவை என்பதற்காக அவற்றை இனியும் விட்டுவைக்கலாமா?